வேலூரில் 118 பேர் படிக்கும் அரசு உயர்நிலைப்பள்ளி: சேர்க்கை எண்ணை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். வேலூர் கோட்டைக்குத் தெற்கே ஒரு பேட்டையில் குடியிருக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். மகள் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். நடந்து போகிற தூரத்தில் ஓர் அரசு உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. விசாரித்ததில் 2025-26 கல்வியாண்டில் அங்கே மொத்தம் 118 பிள்ளைகள் என்று தெரிந்திருக்கிறது. ஆறாம் வகுப்பில் 17, ஏழில் 19, எட்டில் 22, ஒன்பதில் 33, பத்தில் 27. ஆண்கள் 72, பெண்கள் 46. தலைமையாசிரியரையும் சேர்த்து ஆறு ஆசிரியர்கள். "இவ்வளவு பெரிய ஊரில் இவ்வளவு குறைவாக இருந்தால் பள்ளியில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம்? அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்? இரண்டு வருடத்தில் மூடிவிட்டால் என் பெண் என்ன செய்வாள்?" என்று கேட்கிறார்.

தம்பி, நான் வட ஆற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில் கணக்கு வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்தவன். 1989-ல் திருவண்ணாமலை பிரிந்ததையும், 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனித்தனி மாவட்டங்களானதையும் பணியில் இருந்தே பார்த்தேன். கடைசி ஆண்டுகளில் தலைமையாசிரியர். இப்போது ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுவில் கல்வியாளர் உறுப்பினராக இருக்கிறேன். சேர்க்கைப் பதிவேட்டை என் கையால் எழுதியவன் என்பதால் சொல்கிறேன்: அந்த 118 என்ற எண்ணில் பெரும்பகுதி பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெளியே தீர்மானமானது. உள்ளே நடக்கும் படிப்பைப் பற்றி அது மிகக் கொஞ்சம்தான் சொல்லும். நீங்கள் வகுப்பு வகுப்பாகக் கேட்டு வாங்கி வந்ததுதான் நல்ல காரியம். மொத்த எண்ணை விட அந்த ஐந்து எண்கள் நிறையப் பேசுகின்றன.

ஆறாம் வகுப்பில் 17 பேர் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உயர்நிலைப்பள்ளி என்றால் ஆறிலிருந்து பத்து வரை. மேல்நிலைப்பள்ளி என்றால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை. ஊருக்குள் இருக்கும் பெற்றோர், "எப்படியும் பதினொன்றுக்கு வேறு பள்ளி தேட வேண்டும், ஆறிலேயே பெரிய பள்ளியில் போட்டுவிட்டால் அலைச்சல் இல்லை" என்று கணக்குப் போடுகிறார்கள். வேலூரில் அந்தத் தேர்வுக்கு இடமும் நிறைய. அரசு முஸ்லிம் மேல்நிலைப்பள்ளி இருக்கிறது, அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளிகள் இருக்கின்றன, ஊரிசு, வெங்கடேஸ்வரா போன்ற பழைய உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன. ஷேர் ஆட்டோ ஏறினால் பத்து நிமிடம், பஸ்சுக்கு இலவச பாஸ். கிராமத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி இருந்தால் சுற்றியுள்ள நாலு ஊர்ப் பிள்ளைகளும் அங்கேதான் வர வேண்டும். நகரத்தில் அப்படி இல்லை. சின்ன உயர்நிலைப்பள்ளி தன் தெருப் பிள்ளைகளுக்கே பெரிய பள்ளிகளோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. இந்தப் போட்டியில் அது தோற்பதற்கு ஆசிரியர்கள் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பிள்ளைகளே குறைந்துவிட்டார்கள். மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020-ல் 1.4. மக்கள்தொகை குறையாமல் இருக்க 2.1 வேண்டும் என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வீட்டில் அண்ணன் பத்தாவது, தங்கச்சி எட்டாவது, கடைக்குட்டி ஆறாவது என்று மூன்று பேர் ஒரே பள்ளியில் இருப்பார்கள். இப்போது ஒரு வீட்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த ஒன்றுக்காக அப்பா அம்மா கடன் வாங்கியாவது தனியார் பள்ளிக்கு வேன் ஏற்றிவிடுகிறார்கள்.

மூன்றாவது காரணத்தைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. உயர்நிலைப்பள்ளிக்குப் பிள்ளைகள் ஆகாயத்திலிருந்து வருவதில்லை. சுற்றியுள்ள இரண்டு மூன்று தொடக்கப்பள்ளிகளும் நடுநிலைப்பள்ளிகளும்தான் அதற்கு ஊற்று. உங்கள் பேட்டையில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் இந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் எத்தனை பேர் என்று போய்க் கேளுங்கள். அங்கே 12 பேர் இருந்தால், அடுத்த ஜூனில் இந்தப் பள்ளியின் ஆறாம் வகுப்பில் 40 பேரை எதிர்பார்க்க முடியாது. நான் தலைமையாசிரியராக இருந்தபோது மார்ச் மாதம் வந்தால் பக்கத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு சைக்கிளில் போய் ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருவேன். அடுத்த ஆண்டு எனக்கு எத்தனை பெஞ்சு வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இனி ஒன்பதாம் வகுப்பு. உங்கள் எண்களிலேயே என் கண் முதலில் போய் நின்றது அங்கேதான். எட்டில் 22, ஒன்பதில் 33. ஒரு பள்ளி மோசம் என்றால் மேல் வகுப்பு போகப் போக ஆள் குறைய வேண்டும். இங்கே கூடுகிறது. ஏன்? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கொடுக்கும். ஆனால் அந்தச் சலுகை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. எல்.கே.ஜி.யிலிருந்து பத்து வருடம் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு முழுக் கட்டணம் கட்டச் சொல்லும்போது ஆட்டோ ஓட்டுகிறவரும் பெயின்ட் அடிக்கிறவரும் என்ன செய்வார்கள்? டி.சி. வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வருகிறார்கள். 2013-14-ல் அப்படி எல்.கே.ஜி.யில் சேர்ந்த குழந்தை 2023-24-ல் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் புது முகங்கள் வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் வருகிற முதல் வாரம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பழைய பள்ளியின் ஷூ காலில் இருக்கும். டையை மட்டும் கழற்றிப் பையில் வைத்திருப்பார்கள். அம்மா தலைமையாசிரியர் அறை வாசலில் நின்று, "இவன் நல்லாப் படிப்பான் சார், எங்களால கட்ட முடியல" என்று சொல்லும்போது குரல் இறங்கிவிடும். இரண்டாவது வாரம் அதே பையன் எங்கள் பிள்ளைகளோடு சத்துணவு வரிசையில் தட்டு ஏந்தி நின்று முட்டைக்குச் சண்டை போடுவான். அப்புறம் கவலை இல்லை.

இவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அது விரிந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியாரில் படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படிப்பவர்களையும் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் சேர்த்துக்கொண்டது. இது தெரிந்த பெற்றோர் ஒன்பதாம் வகுப்பில் தைரியமாக மாற்றுகிறார்கள். உங்கள் மகள் விஷயம் வேறு. அவள் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் இருந்தால் இந்த ஒதுக்கீடும் உண்டு, கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டமும் உண்டு. நடுவில் ஏழாவதில் ஒரு வருடம் தனியாருக்குப் போய்வந்தால் இரண்டும் கைநழுவிப் போகலாம். ஆறாம் வகுப்பு முடிவை அதனால்தான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

பத்தாம் வகுப்பில் உள்ள 27 பேரைக் கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்கள். அவர்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு 2021-22. கொரோனாவில் வேலை போய், ஆன்லைன் வகுப்புக்கும் சேர்த்துக் கட்டணம் கேட்ட காலம். தமிழ்நாடு முழுக்க தனியார் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் திரண்டு வந்தார்கள். நிலைமை சீரானதும் ஒரு பகுதி திரும்பிப் போனது, ஒரு பகுதி அப்படியே தங்கிவிட்டது. ஆக, உங்கள் பத்தாம் வகுப்பு கொரோனா அலையில் வந்த கூட்டத்தின் மிச்சமாக இருக்கலாம். அந்த வகுப்பு வரும் ஏப்ரலோடு வெளியே போய்விடும். அடுத்த ஆண்டு மொத்த எண் 118-லிருந்து 105-க்கு வந்தால் "பள்ளி சரிந்துவிட்டது" என்று யாராவது சொல்வார்கள். உண்மையில் அது ஒரு அலை வடிந்ததாகத்தான் இருக்கும். ஒரே ஒரு ஆண்டின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தலைமையாசிரியரிடம் மூன்று ஆண்டுகளின் வகுப்புவாரி எண்களைக் கேளுங்கள். இப்போது எட்டில் இருக்கும் 22 பேர் இரண்டு வருடம் முன்பு ஆறில் எத்தனை பேராக இருந்தார்கள் என்று பாருங்கள். அன்றைக்கு 22 இருந்து இன்றைக்கும் அதே 22 முகங்கள் என்றால் அந்தப் பள்ளி பிள்ளைகளைத் தக்கவைக்கிறது என்று பொருள். எனக்கு அதுதான் முக்கியமான அளவு.

இன்னொரு எச்சரிக்கை. பழைய எண்களோடு ஒப்பிடும்போது 2022-23-க்கு முன்னும் பின்னும் கலக்காதீர்கள். அதுவரை யூடைஸ் என்ற மத்திய அரசின் பள்ளிக் கணக்கெடுப்புக்குப் பள்ளிகள் மொத்த எண்ணிக்கையை மட்டும் கொடுத்தன. அந்த ஆண்டிலிருந்து ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் தனித்தனியாகப் பதிவு. ஒரே பிள்ளையை இரண்டு பள்ளிகள் எண்ணிக்கொண்டிருந்த இடங்களில் எண் தானாகக் குறைந்தது. நம் மாநிலத்தில் எமிஸ் என்ற மாணவர் பதிவு இணையதளம் இருப்பதால் ஓரளவு முன்பே சரியாக இருந்தது. ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் எமிஸில் அவன் பெயரைக் காமன் பூல் என்ற பொதுப் பட்டியலுக்கு அனுப்ப வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பழைய பள்ளி அனுப்ப மறந்துவிட்டால் பையன் இங்கே பெஞ்சில் உட்கார்ந்திருப்பான், பெயர் அங்கே இருக்கும். ஜூன், ஜூலையில் ஆசிரியர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அலைவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

சரி, யார் வீட்டுப் பிள்ளைகள்? இதைத்தான் நீங்கள் கொஞ்சம் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

வேலூர் நகரத்துச் சின்ன அரசுப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டில் "பெற்றோர் தொழில்" என்ற கட்டத்தைப் படித்தாலே ஊரின் உழைப்பு தெரிந்துவிடும். நேதாஜி மார்க்கெட்டிலும் மண்டித் தெருவிலும் மூட்டை தூக்குகிறவர். ஆட்டோ. கொத்தனார், சித்தாள். மருத்துவமனைகளிலும் அவற்றைச் சுற்றி முளைத்த லாட்ஜ்களிலும் துப்புரவு வேலை செய்யும் அம்மா. வீட்டு வாசலில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிற அம்மா. விடியற்காலை ஷூ கம்பெனி பஸ்சில் ராணிப்பேட்டைப் பக்கமோ ஆம்பூர்ப் பக்கமோ போய் இருட்டிய பிறகு இறங்குகிற அம்மா. அந்த வீடுகளில் காலையில் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு வடித்துவிட்டு வருவது ஏழாம் வகுப்புப் பெண். அவள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நான் கேட்டதில்லை.

இன்னொன்று, வாடகை வீடு. வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினால் குடும்பம் வேலூருக்குள்ளேயே சைதாப்பேட்டையிலிருந்து கொணவட்டத்துக்கும், அங்கிருந்து காகிதப்பட்டறைக்கும் போகும். பிள்ளையின் பள்ளியும் மாறும். வேலைக்காக அப்பா பெங்களூர் போனால் ஆறு மாதத்தில் மொத்தக் குடும்பமும் காட்பாடியில் ரயில் ஏறிவிடும். சின்னப் பள்ளியில் நடு ஆண்டில் மூன்று பேர் போய் நாலு பேர் வந்தால் அது பெரிய மாற்றம். 1,500 பேர் படிக்கும் பள்ளியில் அது கண்ணிலேயே படாது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி வேலூர் நகர மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முஸ்லிம்கள். அவர்களில் பல வீடுகளில் பேச்சு உருது. சித்தூர் பக்கத்தில் இருப்பதால் தெலுங்கு பேசும் வீடுகளும் உண்டு. என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் என்னிடம் தமிழில் சந்தேகம் கேட்பான், திரும்பிப் பக்கத்துப் பையனுக்கு உருதுவில் அதையே விளக்குவான், முன் பெஞ்சுப் பையன் அதைக் கேட்டுத் தமிழில் தலையாட்டுவான். ஒரு இயற்கணிதச் சமன்பாடு இரண்டு மொழியில் சுற்றி வந்து சரியான விடையில் நிற்கும். அந்த வகுப்பை நினைத்தால் இன்றைக்கும் மகிழ்ச்சியாக இருக்கிறது. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டத்தால் தமிழ் கட்டாய மொழிப் பாடமானது. உருது வழித் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் இங்கே சேரும் பிள்ளைக்கு முதல் ஆண்டு தமிழ் இலக்கணம் மலைபோல இருக்கும். தமிழாசிரியர் மாலையில் அரை மணி நேரம் கூட உட்கார்ந்தால் ஏழாவதில் சரியாகிவிடும். 20 பேர் உள்ள வகுப்பில் அப்படி உட்கார முடியும். 60 பேர் உள்ள வகுப்பில் முடியாது.

கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த வட மாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது ஓரிருவர் வருகிறார்கள். மேல்மொணவூர் மறுவாழ்வு முகாமைச் சுற்றியுள்ள பள்ளிகளில் இலங்கைத் தமிழர் பிள்ளைகள். பாலாற்றை ஒட்டிய சூளைகளுக்கு வரும் இருளர் குடும்பங்களின் பிள்ளைகள்.

அப்படி வந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். 2014 ஜூனில் ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். செங்கல் சூளையில் வேலை. "சார், இவன எழுதிக்கோ" என்றார். பிறப்புச் சான்றிதழ் இல்லை, டி.சி. இல்லை. எப்போது பிறந்தான் என்றால், "சுனாமி வந்துச்சே, அதுக்கு முந்தின வருசம், ஆடிப் பதினெட்டு" என்றார். 2003 ஆகஸ்ட் 3 என்று எழுதினேன். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. அடையாளக் குறி என்ற இடத்தில் எழுத மச்சம் தேடினோம். கிடைக்கவில்லை. முழங்கையில் ஒரு தீக்காயத் தழும்பு இருந்தது, அதை எழுதினேன். பையன் தழும்பைத் தடவிக்கொண்டே நான் எழுதுவதை எட்டிப் பார்த்தான். அந்த ஆண்டு மழை தொடங்கி சூளை நின்றதும் குடும்பம் வேறு ஊர் போய்விட்டது. தை மாதம் திரும்பி வந்தான். நடுவில் மூன்று மாதம் அவன் பெயர் மட்டும் பதிவேட்டில் இருந்தது. சேர்க்கை எண் என்று நாம் சொல்வதற்குள் இப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

சாதிவாரி எண்ணையும் சிலர் பார்ப்பார்கள். 2011-ல் தமிழ்நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். நகரத்துச் சின்ன அரசுப் பள்ளிகள் பலவற்றில் அவர்களுடைய பங்கு அதைவிட அதிகமாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பணம் கட்ட முடிந்த வீட்டார் தனியாருக்கு நகர்ந்துவிட்டால், மீதி இருப்பவர்களில் ஏழைகளின் பங்கு கூடும். அது வெறும் வகுத்தல் கணக்கு. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "அங்கே வேண்டாம்" என்று வேறு காரணம் சொல்லி ஒதுங்குகிற பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அவர்கள் ஒதுங்க ஒதுங்க அந்தச் சதவீதம் மேலும் ஏறுகிறது, அடுத்தவர் ஒதுங்க அதுவே காரணமாகிறது. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் உறவுக்காரர் யாராவது கேட்பார்கள், பதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் 46, ஆண்கள் 72 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பொதுவாக ஒரே வீட்டில் பையனைத் தனியாருக்கும் பெண்ணை அரசுப் பள்ளிக்கும் அனுப்புகிற வழக்கம் உண்டு, அதனால் அரசுப் பள்ளியில் பெண்கள் அதிகமாக இருக்க வேண்டும். இங்கே குறைவது ஏனென்றால் ஊரில் தனியாக மகளிர் பள்ளிகள் இருக்கின்றன, பெண்கள் அங்கே போய்விடுகிறார்கள். உங்கள் எண்களில் எனக்குக் கிடைக்காதது வகுப்புவாரி ஆண் பெண் கணக்கு. எட்டு வரை சமமாக இருந்து ஒன்பதில் பெண்கள் சட்டென்று குறைந்தால் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். மகளிர் பள்ளிக்கு என்றால் சரி. வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றால் அது பேச வேண்டிய விஷயம். கழிவறை எப்படி இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்றும் நேரில் பாருங்கள். பெண் பிள்ளைகள் நிற்பதும் போவதும் பல பள்ளிகளில் அதில்தான் இருக்கிறது.

தேர்ச்சி சதவீதத்தைச் சொல்லி யாராவது உங்களைக் குழப்பலாம், அதையும் பார்த்துவிடுவோம். 2024-ல் பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 91.55 சதவீதம், 2025-ல் 93.80. பத்தாவதில் 27 பேர் எழுதி 25 பேர் தேறினால் 92.6 சதவீதம். 2024 மாநிலச் சராசரியை விட மேல். 24 பேர் தேறினால் 88.9, சராசரிக்குக் கீழ். இடையில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தேர்வன்று காய்ச்சலாக இருந்திருக்கலாம். சின்னப் பள்ளியில் சதவீதத்தைக் கேட்காதீர்கள். தேறாத இரண்டு மூன்று பேர் யார், துணைத்தேர்வு எழுதவைத்தார்களா என்று கேளுங்கள். பெயர் சொல்லி, வீட்டு நிலைமை சொல்லிப் பதில் வந்தால் அது நல்ல பள்ளி.

மூடிவிடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் தற்காலிகமாக மூடியது, நூலகமாக மாற்றியது எல்லாம் மாணவரே இல்லாத அல்லது விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த பள்ளிகளை, அதுவும் பெரும்பாலும் தொடக்கப்பள்ளிகளை. 118 பேர் உள்ள உயர்நிலைப்பள்ளி அந்த வரிசையில் வராது. உங்கள் மகள் பத்தாவது முடிக்கும் வரை கட்டடம் அங்கேதான் இருக்கும்.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடங்களை நிர்ணயம் செய்வார்கள். எண் குறைந்தால் ஒரு பணியிடம் "உபரி" ஆகும். பணி நிரவலில் அந்த ஆசிரியரை வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். உயர்நிலைப்பள்ளிக்கு அடிப்படை ஐந்து பாடம், ஐந்து ஆசிரியர்: தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். அதில் ஒருவர் ஓய்வு பெற்று இடம் காலியாகவே கிடந்தால், பெரிய பள்ளியில் இன்னொரு கணக்கு ஆசிரியர் சமாளிப்பார். சின்னப் பள்ளியில் அந்தப் பாடமே படுத்துவிடும். நான் ஓராண்டு முழுக்க அறிவியல் ஆசிரியர் இல்லாமல் பள்ளி நடத்தியிருக்கிறேன். ஒளி விலகலை நான் நடத்தினேன், உயிரியலை சமூக அறிவியல் அம்மா நடத்தினார். பிள்ளைகள் தேறினார்கள், ஆனால் அறிவியலில் ஆசை வைத்திருந்த இரண்டு பேர் பதினொன்றில் வேறு குரூப் எடுத்தார்கள். அந்தக் குறை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்கள் பள்ளியில் ஆறு பேர் இருக்கிறார்கள், 118 பிள்ளைகள். தலைமையாசிரியரும் பாடம் எடுத்தால் ஒருவருக்கு 20 பேர். கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை 35 பேருக்கு ஓர் ஆசிரியர் போதும் என்கிறது. அந்த வகையில் உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் கவனம் மாதம் பல ஆயிரம் கட்டினாலும் கிடைக்காதது. ஆனால் அந்த ஆறு பேரில் ஐந்து பாடமும் அடங்குகிறதா, இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் யார், மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருப்பவர் யாராவது உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாக் கேள்வியையும் விட இது முக்கியம்.

பயிற்று மொழியையும் கேளுங்கள். ஆறாம் வகுப்பில் 17 பேர்தான் என்றால் தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆசிரியர் ஒரு வரியைத் தமிழிலும் அடுத்த வரியை ஆங்கிலத்திலும் சொல்லிப் போவார். சில பிள்ளைகளுக்கு அது இரண்டு மொழியையும் பழக்கிவிடும், சில பிள்ளைகள் இரண்டிலும் பாதியில் நிற்பார்கள். ஐந்து வரை தமிழ் வழியில் படித்தவள் என்றால் தமிழ் வழியிலேயே தொடரட்டும் என்பது என் கருத்து.

போவதென்றால் சனிக்கிழமை போகாதீர்கள், விழா நாளிலும் போகாதீர்கள். ஒரு சாதாரண புதன்கிழமை, முதல் மணி அடித்த பிறகு போங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையின் மூலையில் அன்றைய தேதிக்குக் கீழே இரண்டு எண் எழுதியிருக்கும்: பதிவு, வருகை. ஒன்பதாம் வகுப்பில் பதிவு 33, வருகை 30 என்று இருந்தால் நிம்மதியாக இருங்கள். 33-க்கு 21 என்று இருந்தால் வகுப்பாசிரியரிடம் அந்த 12 பேரைப் பற்றிக் கேளுங்கள். சமீப ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் மார்ச் மாதமே சேர்க்கை தொடங்கிவிடுகிறார்கள், ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், ஐந்தாம் வகுப்புப் பள்ளியில் எமிஸ் எண் எழுதிக் கொடுத்த டி.சி. இவை போதும். அந்தப் பள்ளியில் அவள் பெயரைக் காமன் பூலுக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், இல்லையென்றால் இரண்டு நாள் வீண் நடை.